ஒன்பது ஆண்டுக் கடனும் எட்டு ஆண்டு பேட்டரியும்



ஈப்போவில் சனிக்கிழமை பிற்பகல் ஏதாவது ஒரு கார் விற்பனை நிலையத்துக்குள் நுழைந்து பாருங்கள். ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறை வந்து நிற்கும். பேரன் முன் இருக்கையில் ஏறித் திரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். அம்மா பின்கதவைத் திறந்து பொருள் வைக்கும் இடத்தைப் பார்ப்பார். பாட்டி குளிர்சாதனக் காற்றுக்கு எதிரே ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்துவிடுவார். அப்பா மட்டும் விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்றிருப்பார். அந்தத் தாளில் ஒரே வண்டி நான்கு விலையில் இருக்கும். அதில் ஒன்றின் பக்கத்தில் 'ஹைபிரிட்' என்று எழுதியிருக்கும்.

"ஹைபிரிட் எடுத்தா எண்ணெய்க் காசு பாதி மிச்சம்பா" என்பாள் மகள். "பாதின்னா எவ்வளவும்மா?" என்று கேட்பார் அப்பா. அதற்குப் பதில் வருவதற்குள் விற்பனையாளர் தேநீருடன் வந்து, "மாசம் ஆயிரத்து நானூத்துத் தொண்ணூறுதான் அண்ணே" என்று ஆரம்பித்துவிடுவார். அப்பாவின் கேள்வி அப்படியே நின்றுபோகும். இன்றைய பேச்சு அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

எஸ்யூவி என்றாலே ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. முழங்கால் வலியுள்ள ஒரு மூதாட்டிக்குத் தாழ்வான சிறிய காரில் உட்காருவது கிணற்றில் இறங்குவதைப் போன்றது. எழுந்து வருவது அதைவிடச் சிரமம். இருக்கை இடுப்பு உயரத்தில் இருந்தால் அவர் யார் கையையும் பிடிக்காமல் ஏறி இறங்குவார். மருத்துவமனைக்கு மாதம் இரண்டு தடவை போகிற வீட்டில் இது சின்ன விஷயமே அல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. அது பேராக் மாநிலத்துக்கே உரிய காரணம். சுங்கை சிப்புட், கோலகங்சார், தாப்பா, பீடோர் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகள் காலியாயின. மக்கள் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிவந்தார்கள். ஆனால், தோட்டத்து மாரியம்மன் கோயிலைக் கையோடு கொண்டுவர முடியுமா? ஆண்டுத் திருவிழாவுக்குப் பிள்ளைகுட்டிகளோடு திரும்பிப் போகிறார்கள். செம்பனைக்கு நடுவே செம்மண் பாதை. மழை பெய்திருந்தால் வண்டியின் அடிவயிறு உரசும். அந்த ஒரு நாளுக்காக எஸ்யூவி வாங்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே நேர்மையான பதில். ஆனாலும் வாங்குகிறவர்கள் மனத்தில் அந்தப் பாதை இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். எஸ்யூவி என்று பெயர் இருப்பதாலேயே எல்லாம் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டு, வேறு இரண்டு வண்டிகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு நம்புங்கள்.

பெயர் ஒன்று, வண்டி பல

ஹைபிரிட் என்ற ஒரே சொல்லை நாலைந்து விதமான வண்டிகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். குழப்பத்தின் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ்தான் பெரும் அளவில் தயாரிக்கப்பட்ட முதல் ஹைபிரிட் கார். பெட்ரோல் எஞ்சின் ஒன்று, மின்மோட்டார், ஒரு சிறிய பேட்டரி. வெளியிலிருந்து மின்சாரம் ஏற்றத் தேவையில்லை. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் விசையை மோட்டாரே மின்சாரமாக்கிப் பேட்டரிக்குள் போட்டுவிடும். சமிக்ஞை விளக்கில் நின்றால் எஞ்சின் அணைந்துவிடும். மெல்ல நகரும்போது மோட்டார் மட்டும் இழுக்கும். இதுதான் முழு ஹைபிரிட். ஹோண்டா எச்ஆர்-வி, டொயோட்டா கொரோலா கிராஸ் ஆகியவற்றின் ஹைபிரிட் ரகங்கள் இந்த வகை.

2023-இல் புரோட்டோன் கொண்டுவந்த எக்ஸ் 90 வேறு வகை. பேராக்கின் தஞ்சோங் மாலிம் ஆலையில் பொருத்தப்பட்ட வண்டி அது. அதில் இருப்பது 48 வோல்ட் மிதவகை ஹைபிரிட். எஞ்சினுக்கு ஒரு கை கொடுக்கும். தனியாக வண்டியை ஓட்டாது. முழு ஹைபிரிட்டின் சிக்கனத்தை அதனிடம் எதிர்பார்ப்பது முறையல்ல. மூன்றாவது வகைக்கு வீட்டில் மின்சாரம் ஏற்ற வேண்டும். வாசலிலேயே வண்டி நிறுத்துகிற வசதி இருப்பவர்களுக்கு அது நல்லது. அடுக்குமாடியில் நான்காவது மாடியில் இருப்பவர் அதை வாங்கிவிட்டுச் சாதாரணப் பெட்ரோல் வண்டிபோல் ஓட்டினால், கனமான பேட்டரியைச் சும்மா சுமந்துகொண்டு திரிவார்.

பெரோடுவா 2022-இல் அத்திவா ஹைபிரிட்டை விற்கவில்லை. மொத்தம் 300 வண்டிகளை மாதம் 500 வெள்ளி சந்தாவில், ஐந்து ஆண்டுகளுக்கு, வாடிக்கையாளர்களிடம் கொடுத்துப் பார்த்தது. தயாரிக்கும் நிறுவனமே சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், வாங்கும் குடும்பமும் ஒரு மாதம் பொறுமையாகச் சோதித்துப் பார்ப்பதில் தவறென்ன?

மிச்சம் எங்கே கிடைக்கிறது?

ஹைபிரிட்டின் இலாபம் நின்று நின்று போகிற பாதையில்தான். ஈப்போவில் பள்ளி விடும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாவில் நூறடி போய் நின்று, மறுபடி ஐம்பதடி போய் நிற்கிறோம். பெட்ரோல் வண்டிக்கு அது சும்மா எரிகிற எண்ணெய். ஹைபிரிட்டுக்கோ அதுதான் சம்பாதிக்கிற நேரம்.

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டரில் கோலாலம்பூருக்குப் போகும்போது கதை மாறிவிடுகிறது. பிரேக் பிடிப்பதே அரிது. பிடிக்காத பிரேக்கிலிருந்து எந்த மின்சாரம் வரும்? எஞ்சின்தான் பெரும்பாலும் உழைக்க வேண்டும். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேட்டில் ஹைபிரிட்டின் எஞ்சின் உரக்கவே உறுமும். இறக்கத்தில் பேட்டரி நிரம்பும் என்பது உண்மை. ஆனால் அது சின்னப் பேட்டரி. குடத்தில் சொம்பளவு தண்ணீர்தான் பிடிக்கும் என்றால் மழை எவ்வளவு பெய்து என்ன? சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுகிறவர்களுக்கும் இதே அனுபவம் கிடைக்கும்.

அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒவ்வொரு வண்டிக்கும் நகர ஓட்டம், நெடுஞ்சாலை ஓட்டம் என்று இரண்டு கணக்கைத் தனித்தனியாக வெளியிடுகிறது. டொயோட்டா ராவ்4 எஸ்யூவியின் 2024 ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மைல், கேலன் கணக்கை இங்குள்ள அளவுக்கு மாற்றினால், நகரத்தில் முன்சக்கர இயக்கப் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 11.5 கிலோமீட்டர் ஓடுகிறது, ஹைபிரிட் 17.4 ஓடுகிறது. ஒன்றரை மடங்கு! நெடுஞ்சாலையில் பெட்ரோல் வண்டி 14.9, ஹைபிரிட் 16.2. பத்தில் ஒரு பங்குகூட முழுதாகக் கூடவில்லை. விளம்பரத் தாளில் இருக்கும் ஒரே ஓர் எண்ணில் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

மகள் சொன்ன 'பாதி மிச்சம்' பொய்யும் அல்ல, மெய்யும் அல்ல. எந்தச் சாலையில் ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நாட்காட்டித் தாளில் ஒரு கணக்கு

ஒரு குடும்பத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புந்தோங் பக்கம் குடியிருக்கிறார்கள் என்று கொள்வோம். அப்பா தொழிற்சாலை ஊழியர். மகள் தாதி. மகன் கம்பாரில் படிக்கிறான். பாட்டி சுங்கை சிப்புட் தோட்டமொன்றில் முப்பது வருடம் பால்மரம் சீவியவர். வாசலில் நிற்பது பழைய புரோட்டோன் வீரா. அப்பா சமையலறை நாட்காட்டியில் தினமும் வண்டி ஓடிய தூரத்தைக் குறித்து வந்தார். மாத முடிவில் கூட்டினால் ஆயிரம் கிலோமீட்டர். பட்டணத்துக்குள் 700, நெடுஞ்சாலையில் 300.

பட்டணத்தில் பெட்ரோல் எஸ்யூவி நூறு கிலோமீட்டருக்கு 9 லிட்டரும் ஹைபிரிட் ஐந்தரை லிட்டரும் குடிப்பதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் இடைவெளி ஒரு லிட்டர். அப்படியானால் இந்தக் குடும்பம் ஹைபிரிட்டால் மிச்சப்படுத்துவது மாதம் இருபத்தேழரை லிட்டர்.

இனி எண்ணெய் விலை. 2021 பிப்ரவரியிலிருந்து ரோன் 95 லிட்டர் 2 வெள்ளி 5 சென்னில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. 2025 செப்டம்பர் 30-இல் 'புடி 95' திட்டம் எல்லாக் குடிமக்களுக்கும் நடைமுறைக்கு வந்தது. ஓட்டுநர் உரிமமுள்ள குடிமகன் மைகார்டைக் காட்டினால் லிட்டர் 1 வெள்ளி 99 சென். தொடக்கத்தில் மாதத்துக்கு 300 லிட்டர் என்று வரம்பு வைத்தார்கள். மானியமில்லாத விலை அந்த நாளில் 2 வெள்ளி 60 சென்னாக இருந்தது.

1 வெள்ளி 99 சென் கணக்கில் இருபத்தேழரை லிட்டரின் விலை ஏறக்குறைய 55 வெள்ளி. மாதத்துக்கு ஐம்பத்தைந்து வெள்ளி! அப்பா கேட்ட 'எவ்வளவும்மா?' என்ற கேள்விக்கு இதுதான் பதில். வேண்டாம் என்று தள்ளுகிற தொகையல்ல. ஆனால் விற்பனை நிலையத்தில் எல்லோர் மனத்திலும் ஓடிய தொகையும் இதுவல்ல.

இந்த 55 வெள்ளிக்காகக் கூடுதலாகக் கொடுப்பது எவ்வளவு? எச்ஆர்-வியின் மூன்றாம் தலைமுறை 2022 ஜூலையில் மலேசியாவுக்கு வந்தபோது நான்கு விலையில் வந்தது. சாதாரண 1.5 பெட்ரோல் 114,800 வெள்ளி. டர்போ ரகங்கள் 129,800, 134,800. ஹைபிரிட் 140,800. இன்றைய விலையை நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறைக்காகத்தான் இந்த எண்கள்.

விலை கூடிய டர்போவுக்கும் ஹைபிரிட்டுக்கும் இடையே 6,000 வெள்ளி. பத்து விழுக்காடு முன்பணம், ஆண்டுக்கு மூன்று விழுக்காடு நிலையான வட்டி, ஒன்பது ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டால், அந்த ஆறாயிரம் வட்டியோடு சேர்ந்து 7,458 வெள்ளியாகிறது. மாதத் தவணையில் 63 வெள்ளிக்கு மேல் கூடுகிறது. பெட்ரோலில் மிச்சம் 55. ஒன்பது ஆண்டு ஓட்டியும் ஹைபிரிட் தன் கூடுதல் விலையை மீட்கவில்லை. ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிபோல் துண்டு விழுகிறது. அதே குடும்பம் மானியமில்லாமல் 2 வெள்ளி 60 சென் கொடுத்து எண்ணெய் போட்டிருந்தால்? ஒன்பது ஆண்டில் 7,722 வெள்ளி மிச்சம். கூடுதல் விலைக்கு ஈடாகி, 264 வெள்ளி கையில் நிற்கும்.

எண்ணெய் மலிவாக இருக்கும்வரை ஹைபிரிட்டின் வாதம் இந்த நாட்டில் கொஞ்சம் மெலிந்துதான் இருக்கும். அமெரிக்கக் காணொளியையோ ஐரோப்பிய விமர்சனத்தையோ பார்த்து முடிவெடுக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஆனால், மலிவு என்றும் நிலைக்கும் என்று யார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது? 2008 ஜூன் 5-ஆம் நாள் பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 92 சென்னிலிருந்து ஒரே தாவலில் 2 வெள்ளி 70 சென்னுக்குப் போனது. முந்திய நாள் இரவு எண்ணெய் நிலையங்களில் நின்ற வரிசையை மறக்காதவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பார்கள்.

இப்போது வேறு மாதிரியான ஒருவர். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். அல்லது, நாளெல்லாம் பட்டணத்துக்குள்ளேயே அலைகிற தொழில். மாதம் 2,000 கிலோமீட்டர், அத்தனையும் ஈப்போ நெரிசலில். அவருக்கு மானிய விலையிலேயே மாதம் 139 வெள்ளி மிச்சம். நாலரை ஆண்டில் கூடுதல் விலை கைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு ஓடுவதெல்லாம் இலாபம். அவர் தயங்கவே தேவையில்லை. ஆனால் வேலைக்காக வாரந்தோறும் கோலாலம்பூர் போய்த் திரும்புகிறவர் ஓட்டுவது முழுக்க நெடுஞ்சாலை. மாதம் 1,600 கிலோமீட்டர் ஓட்டியும் அவருக்கு மிச்சம் 32 வெள்ளிதான். கூடுதல் விலையை மீட்கப் பத்தொன்பது ஆண்டு ஆகும். அவருக்கு 2010 ஆகஸ்டிலிருந்து ஓடுகிற இடிஎஸ் ரயில் எந்த எஸ்யூவியையும்விட மலிவு.

ஒன்பதாவது ஆண்டு

விற்பனையாளர் சொன்ன 'ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூறு' நினைவிருக்கிறதா? ஹைபிரிட்டுக்குப் பத்து விழுக்காடு முன்பணம் போக மீதியை ஒன்பது ஆண்டில் கட்டினால் அந்தத் தொகைதான் வருகிறது. பொய்யில்லை. அதே மூன்று விழுக்காட்டில் சாதாரணப் பெட்ரோல் ரகத்தை எடுத்து ஏழே ஆண்டில் கட்டி முடித்தால் மாதம் எவ்வளவு? 1,488 வெள்ளி.

திரும்பவும் பாருங்கள். ஒன்று 1,490. இன்னொன்று 1,488. மாதாமாதம் வங்கிக்குப் போகிற தொகை இரண்டு வெள்ளிதான் வித்தியாசம். ஆனால் பெட்ரோல் வண்டிக்காரர் ஏழாம் ஆண்டு முடிவில் கடனில்லாத மனிதர். ஹைபிரிட்காரருக்கு இன்னும் இருபத்துநான்கு தவணை, 35,760 வெள்ளி பாக்கி. ஒன்பது ஆண்டில் அவர் பெட்ரோலில் மிச்சம் பிடிப்பதோ ஆறாயிரத்துக்கும் குறைவு. ஹைபிரிட் வண்டியில் வசதிகள் கூடுதல், இழுவை கூடுதல், சத்தம் குறைவு. அவற்றுக்காகக் கொடுக்கிறேன் என்று தெரிந்து கொடுத்தால் அது அவரவர் விருப்பம். பெட்ரோலில் மிச்சம் பிடிக்கவே கொடுக்கிறேன் என்று நினைத்துக் கொடுத்தால் ஏமாற்றம்.

வட்டியை வங்கி எந்த முறையில் கணக்கிடுகிறது, முன்கூட்டியே கட்டி முடித்தால் எவ்வளவு தள்ளுபடி என்பதையெல்லாம் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பேட்டரிக்கு வருவோம். ஹோண்டாவும் டொயோட்டாவும் ஹைபிரிட் பேட்டரிக்குக் கொடுக்கும் உத்தரவாதம் எட்டு ஆண்டு. இந்த நாட்டில் வண்டிக் கடனின் உச்ச வரம்பு ஒன்பது ஆண்டு. இடையில் ஓர் ஆண்டு இருக்கிறது. உத்தரவாதம் முடிந்துவிட்டது. கடன் முடியவில்லை. எட்டாண்டு முடிந்த மறுநாளே பேட்டரி உயிரை விட்டுவிடும் என்று பொருளல்ல. பல வண்டிகளில் அதற்கு மேலும் உழைக்கிறது. ஆனால் அந்த ஓராண்டில் பேட்டரி கைவிட்டால், இன்னும் தனக்கே முழுதாகச் சொந்தமாகாத வண்டிக்குச் சில ஆயிரம் வெள்ளியைக் குடும்பம் தேட வேண்டும். மகளுடைய கல்யாணச் செலவோ மகனுடைய படிப்புக் கட்டணமோ அதே ஆண்டில் வந்து நின்றால்?

இது பூச்சாண்டி காட்டும் பேச்சல்ல. 2011 ஜனவரி முதல் 2013 டிசம்பர் வரை, 2,000 சிசிக்கும் குறைவான இறக்குமதி ஹைபிரிட் கார்களுக்கு இறக்குமதி வரி, கலால் வரி இரண்டையும் அரசாங்கம் முழுமையாக விலக்கியது. ஹோண்டா இன்சைட்டும் டொயோட்டா பிரியஸ் சியும் ஒரு லட்சம் வெள்ளிக்கும் கீழே கிடைத்தன. ஏராளமானோர் வாங்கினார்கள். அன்றைய விலைக்கு அது நல்ல கொள்முதல்தான். அந்த வண்டிகளின் பேட்டரி உத்தரவாதம் முடிந்து வெகு நாளாகிறது. இன்று பழைய கார் நிலையங்களில் அவை மலிவாக நிற்பதைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள், பேட்டரி மாற்றப்பட்டதா, புதியதா அல்லது பிரித்துச் செப்பனிட்டதா, ரசீது இருக்கிறதா என்று கேட்ட பிறகே பணத்தை எடுக்க வேண்டும். பேட்டரி கைவிட்ட ஹைபிரிட்டை வாங்குவது பால் வற்றிய மாட்டைக் கன்றுக்குட்டிக்காக வாங்குவது போன்றது.

பாட்டியின் பையும் பட்டறைக்காரரும்

யாரும் கண்டுகொள்ளாத சில்லறை விஷயங்கள் சில. கொரோலா கிராஸ் ஹைபிரிட்டில் பேட்டரி பின்இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அதைக் குளிர்விக்கக் காற்று உள்ளே போக இருக்கையின் ஓரத்தில் சிறு துளைகள் உண்டு. பாட்டி தன் துணிப்பையை அங்கேதான் வைப்பார். பிள்ளைகள் முறுக்குத் தூளைக் கொட்டுவதும் அங்கேதான். காற்றுவழி அடைபட்டால் பேட்டரி சூடேறும். சூடு அதன் ஆயுளைக் குறைக்கும். சேவைக்கு விடும்போது அந்த வடிகட்டியைச் சுத்தம் செய்தார்களா என்று கேட்க வேண்டும்.

ஹைபிரிட்டிலும் சாதாரணப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. அது செத்துப்போனால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி உயிர்பெறாது. பாதி வழியில் நின்றவர்களில் பலர் ஹைபிரிட்டைத் திட்டிவிட்டுக் கடைசியில் இந்தச் சின்னப் பேட்டரியை மாற்றிக்கொண்டு போயிருப்பார்கள். வெள்ளத்தில் மூழ்கி நின்ற வண்டி என்றால் ஆரஞ்சு நிற மின்கம்பிகளைத் தொடவே கூடாது. உயர் மின்னழுத்தம் ஓடுவது அவற்றில்தான். இழுவை வண்டியை அழைத்து நிறுவனத்தின் சேவை மையத்துக்கே அனுப்புங்கள்.

ஹைபிரிட்டுக்கு ஆதரவாகவும் சொல்ல வேண்டும். பிரேக் கட்டைகள் நீண்ட நாள் உழைக்கும். வேகத்தைக் குறைக்கும் வேலையில் பாதியை மோட்டாரே செய்துவிடுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. புந்தோங் குடும்பம் ஆண்டுக்கு மிச்சம் பிடிக்கும் 330 லிட்டர் என்பது முக்கால் டன் புகை. பள்ளி வாசலில் வரிசையாக நிற்கும் வண்டிகளில் எஞ்சின் அணைந்து நிற்கும் வண்டி எது, பிள்ளைகள் முகத்தில் புகைவிடும் வண்டி எது என்று தாய்மார்களுக்குத் தெரியும். இதற்கு வெள்ளிக் கணக்கு கிடையாது. அதனால் இதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் கிடையாது. சாலை வரி மட்டும் ஹைபிரிட்டுக்குத் தனிச் சலுகை காட்டுவதில்லை. எஞ்சின் எத்தனை சிசி என்பதுதான் அளவு.

குடியிருக்கும் இடமும் முக்கியம். ஈப்போவில் சேவை மையங்கள் பக்கத்தில் உண்டு. கிரிக், லெங்கோங் பக்கம் இருப்பவர் நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே இருபது வருடமாகக் குடும்பத்தின் எல்லா வண்டியையும் பார்க்கிற பட்டறைக்காரர், "தம்பி, இதுல நான் கை வைக்கமாட்டேன்" என்று சொன்னால், ஒவ்வொரு பழுதுக்கும் ஈப்போவுக்கு வர வேண்டியதுதான். அவரிடம் முதலில் போய்க் கேளுங்கள். கற்றுக்கொண்டிருக்கிறார் என்றால் அதுவும் நல்ல செய்திதான்.

புந்தோங் வீட்டில் இந்தக் கணக்கையெல்லாம் மேசையில் பரப்பி வைத்திருக்கும்போது பாட்டி ஒரு கேள்வி கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் தவணை கட்டத் தெரியாதவரல்லர். 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டப் பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு சேர்த்த காலத்தைப் பார்த்தவர். துண்டாடப்பட்ட தோட்டங்கள் கைநழுவிப் போகாமல் தொழிலாளர்களே வாங்கிக்கொள்ள அந்தப் பத்து வெள்ளிகள்தாம் உதவின. அந்தத் தலைமுறைக்குத் தவணை என்றால் முடிவில் நிலத்தில் ஒரு பங்கு.

"ஒம்பது வருசம் கட்டி முடிச்சா இந்த வண்டி என்ன வெலைக்குப் போகும்யா?" என்று மகனைக் கேட்கிறார் பாட்டி.

மகனுக்குப் பதில் தெரியவில்லை. பேத்தி கைப்பேசியில் ஒன்பது வருடப் பழைய வண்டிகளின் விலையைத் தேடிப் பார்த்துவிட்டு, அதைச் சத்தமாகப் படிக்காமல் அப்பாவிடம் நீட்டினாள்.

அந்த வாரம் அவர்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. மறுசனிக்கிழமை இன்னொரு தடவை போய், பாட்டியை மூன்று வண்டிகளில் ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். அவருக்கு வாகாக இருந்தது எது என்பதை மட்டும் குறித்துக்கொண்டார்கள். ஏழாண்டுக் கடனுக்குப் பெட்ரோல் ரகம் ஒன்று, ஹைபிரிட் ஒன்று என்று இரண்டு விலைத்தாள்கள் எழுத்தில் கேட்டு வாங்கினார்கள். மகளுக்குக் கோலகங்சார் மருத்துவமனைக்கு மாற்றல் வரலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. வந்தால் நெடுஞ்சாலைக் கணக்கு ஏறும். ஹைபிரிட்டின் பக்கம் இன்னும் மெலியும். வராவிட்டால் பட்டணத்து ஓட்டம்தான். மேலும், கிலோமீட்டர் குறித்த மாதம் தீபாவளி மாதமாக அமைந்துவிட்டது. வழக்கத்தைவிட அலைச்சல் அதிகம். இன்னொரு மாதம் குறித்துப் பார்ப்பது என்று முடிவு.

நாட்காட்டியில் புதுத் தாள் திருப்பியாகிவிட்டது. பழைய வீராவுக்கு முன்பக்கம் இரண்டு டயர் மாற்றியிருக்கிறார்கள்.